தலை முளைக்காத ஈக்கள்

நான் கொன்ற உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. வாழைப்பழம் கனிந்து தோல் கறுத்தால் அதைச் சுற்றி எள்ளளவில் ஒரு கூட்டம் பறக்குமே, அந்த ஈதான். கண்ணாடிக் குழாய்களில் வளர்ப்போம். வாயுவை ஊதி மயக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே கொட்டி, மெல்லிய தூரிகையால் வேண்டியது இந்தப் பக்கம், வேண்டாதது அந்தப் பக்கம் என்று ஒதுக்குவோம். வேண்டாதது அப்படியே மேசை ஓரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பாட்டிலுக்குள் போகும். லேப்பில் அந்தப் பாட்டிலுக்குப் பிணவறை என்று பெயர். வாரக் கடைசியில் அதன் அடியில் கறுப்பாக, கெட்டியாக, பழைய ஊறுகாய்போல் ஒரு வண்டல் கிடக்கும். அதைக் கழுவி ஊற்றுவதும் எங்கள் வேலைதான்.

தலையைப் பிய்ப்பதில் நான் கெட்டிக்காரி. இரண்டு கைகளிலும் ஊசிமுனை இடுக்கி இருக்கும். ஒன்று மார்பைப் பிடிக்க வேண்டும், மற்றது கழுத்தருகே நுழைந்து ஒரே இழுப்பு. தலை தனியாக வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான் மிரள்வார்கள். தலை போன உடல் விழாது. கால்களை ஊன்றிக்கொண்டு நேராக நிற்கும். தூரிகையால் முதுகைத் தொட்டால் காலைத் தூக்கித் தொட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ளும். ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாள். எனக்கு முதல் நாளே ஒன்றும் ஆகவில்லை.

நான் வளர்ந்த இடம் அப்படி. அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்தவள் நான். குழாயடியில் குடத்தால் மண்டை பிளந்த சண்டைகளைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் இயந்திரம் வந்து எங்கள் வரிசையை இடித்துத் தள்ளியது. என் அம்மா அந்த வண்டியின் மேல் செருப்பை எறிந்தாள், ஓட்டுகிறவனின் காதில் பட்டது. எங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செம்மஞ்சேரியில் இறக்கினார்கள். அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் நசுங்கி அடையாறு வருவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும்.

பக்கத்து மேசைக்காரி மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கண்ணாடிக் குழாயை மேசையில் வைத்தால்கூடச் சத்தம் வராது. கல்யாணமே ஆகாத அவளை நான் ‘மாமி’ என்றுதான் கூப்பிடுவேன். முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு பழகிவிட்டது. மதியம் நான் டப்பாவைத் திறந்தால் அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். ஆனால் திரும்பி வந்து எனக்கு எதிரில்தான் உட்காருவாள்.

எங்கள் தொழிலின் முறையே முரட்டுத்தனமானது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று தெரியவேண்டுமானால் அதைக் கெடுத்துவிடுவோம். கெடுத்த பிறகு ஈயில் எது கோணுகிறதோ அதுதான் அந்த மரபணுவின் வேலை என்று எழுதிக்கொள்வோம். பெயரும் அப்படியே வைப்பார்கள். கண் உண்டாகக் காரணமான மரபணுவுக்குப் பெயர் ‘கண்ணிலி’. ஒழுங்காக வேலை பார்த்த நாளில் யாரும் பெயர் வைக்க வரவில்லை, கெட்ட நாளில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் கரையிலும் அதே கதைதான். கால் ஒடிந்தவர் கடைசிவரை நொண்டி.

கண்ணிலி என்னுடையது. அதற்கு ஓர் இரட்டை உண்டு, அது அவளுடையது. இரண்டுமே மேஸ்திரி மாதிரி. தாங்களாக எதையும் கட்டாது. மற்ற மரபணுக்களை எழுப்பியும் அடக்கியும் வேலை வாங்கும். ஈ புழுவாக இருக்கும்போதே அதன் தலை உள்ளே சின்னத் திட்டாகத் தயாராகத் தொடங்குகிறது. அந்தத் திட்டில் இரண்டு மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். என்னுடையதைக் கெடுத்தால் கண் சிறுத்தது, சிலவற்றில் காணாமலே போனது. படம் எடுத்துக் காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். அவளுடையதைக் கெடுத்தபோது எங்கள் குழாய்களிலிருந்து வந்த ஈக்கள் இரண்டு கண்ணும் முழுத் தலையுமாக ஜம்மென்று பறந்தன.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை எல்லோரும் சார் என்போம். இங்கேயும் அது போதும். கையில் கிடைத்ததை எறிகிற மனிதர். அட்டைப்பெட்டி, பேனா, ஒருமுறை குழாய்கள் அடுக்கிய தட்டு முழுவதும் என் காலடியில் வந்து உடைந்தது. ஈக்கள் கூட்டமாகக் கிளம்பி ட்யூப்லைட்டை மொய்த்தன, ஒரு வாரம் எல்லோர் டீயிலும் மிதந்தன. அவர்தான் எங்கள் இருவரையும் ஆடுகளைப்போல் மோதவிட்டவர். “யார் ஜீன் தலையைப் பண்ணுதோ அவங்க பேர்லதான் பேப்பர்,” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் என் படங்களைப் பார்த்துத் தலையாட்டுவார், அவள் பக்கம் திரும்பி, “உன் ஜீனுக்கு வேலையே இல்லைம்மா. வேலையில்லாத ஜீனைப் பிடிச்சுக்கிட்டு நாலு வருஷம்,” என்பார். அவள் தரையைப் பார்ப்பாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்தயம் என்று வந்தால் ஜெயிக்கத்தான் தோன்றும்.

ஒரு கத்திரி வெயிலில் ஈ அறையின் ஏசி உயிரை விட்டது. சரி செய்ய ஆள் வருவதற்குள் பல நாள் அறை வெந்தது. அந்த வாரம் அவளுடைய குழாய்களிலிருந்து ஈக்கள் சரியாக வெளிவரவில்லை. ஈ வெளியே வருவதற்கு முன் புழு தன் தோலையே கெட்டியாக்கிக் கூடு கட்டிக்கொண்டு குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும். சார் வகுத்த முறைப்படி வெளியே வந்த ஈக்களை மட்டும்தான் எண்ணுவோம். வராத கூடுகள் குழாயோடு குப்பைக்குப் போகும். உணவு சரியில்லை, பூஞ்சை, சூடு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். எல்லா ஈ லேப்பிலும் ஓரளவு நடக்கிற சோம்பேறித்தனம்தான் அது. அவள் மட்டும் அன்றைக்குக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னா மாமி, செத்ததைப் போயி மொறச்சிகினு கீற?” என்றேன்.

“சாகலைடி. உள்ளே ஏதோ அசையறது,” என்றாள்.

கூட்டை ஊசியால் கீறிப் பிரித்தோம். வழக்கமாக முட்டி மோதி வெளியே வர ஈக்குத் தலைதான் கருவி. உள்ளே இருந்த ஈக்கு மார்பு இருந்தது, மடித்த சிறகு இருந்தது, வயிறு, மயிர், எல்லாம் கச்சிதம். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. யாரோ பிய்த்தது மாதிரி இல்லை, அங்கே ஒன்று இருந்ததற்கான தடயமே இல்லாமல் தோல் மூடியிருந்தது. ஆறு கால்களும் கூட்டின் சுவரை உதைத்துக்கொண்டிருந்தன. அடுத்த கூடு, அடுத்தது. நான் பிய்த்த தலைகள் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிறக்கும்போதே தலை முளைக்காமல் இருட்டில் உதைத்துக்கொண்டு கிடந்த அவற்றைப் பார்த்ததும் நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே அடுத்த கூட்டைப் பிரித்தாள்.

அதன் பிறகு அவள் பேய் பிடித்தவள்போல் வேலை செய்தாள். இரண்டு மரபணுக்களும் ஒரேயடியாகப் பலவீனமாக இருக்கிற ஈக்கள் வேண்டும். மாதக்கணக்கில் கலந்து கலந்து, கடைசியில் அந்த வம்சத்தை உருவாக்கிவிட்டாள். அதன் குஞ்சுகளில் இரண்டும் கெட்டவை மட்டும் கூட்டை விட்டு வெளியே வரவே இல்லை, குளிர்ந்த அறையிலும் வரவில்லை. விஷயம் விளங்கிவிட்டது. தலையை உண்டாக்குவதில் இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது அதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது. நாளும் பொழுதும் நன்றாக இருக்கும்வரை சமாளிக்கிறது, சூடு ஏறினால் முடியவில்லை. இரண்டும் இல்லையென்றால் தலையே இல்லை. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதற்கு வேலையில்லை என்று சொன்னதுதான் எங்கள் முட்டாள்தனம்.

அதை அவள் சாரிடம் போய்ச் சொன்னாள். கதவு திறந்திருந்தது, நான் வாசலில் நின்றேன். “வெளியே வந்ததை மட்டும் எண்ணினது தப்பு சார், உள்ளே இருக்கறதைப் பார்க்காம விட்டுட்டோம்,” என்று அவள் வழக்கமான குரலில்தான் சொன்னாள். தப்பு என்ற சொல் அவர் காதில் விழுந்ததும் மேசையில் இருந்த கண்ணாடிப் பாட்டில் பறந்தது. ஈ உணவு காய்ச்சி ஊற்றுகிற கனமான பாட்டில். அவள் புருவத்தின் மேல் பட்டு, அலமாரியில் மோதி உடைந்தது. அவள் கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

“சுவர்லதான் எறிஞ்சேன். அவ ஏன் குறுக்கே வந்தா?” என்றார் சார்.

நான் ஸ்டூலைத் தூக்கிவிட்டேன். இரும்பு ஸ்டூல். அவர் மண்டையைத்தான் பார்த்தேன், வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவள் ரத்தக் கையாலேயே என் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்டி, வேண்டாம்டி,” என்று என் முதுகில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்டூல் ஜன்னலில் போய் விழுந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் துப்பட்டாவை அவள் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்டதற்கு, அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்றாள். தையல் போடும்போது என் மணிக்கட்டை அவள் கிள்ளிய கிள்ளில் தோல் உரிந்துவிட்டது.

நிர்வாகத்தில் முறையிட்டோம். பெரிய விஞ்ஞானி, கொஞ்சம் முன்கோபி, அனுசரித்துப் போங்கள் என்றார்கள். காயம் ஆறும்வரை வீட்டில் ஓய்வெடுக்கட்டும், கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அவள் வீட்டுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

இங்கேதான் நான் என்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். ஈ வம்சம் உயிரோடு இருக்க வேண்டுமானால் ஓயாமல் பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உறையவைத்து எடுத்துவைக்கிற சரக்கு இல்லை அது. விட்டால் செத்துவிடும், அவளுடைய வம்சமோ உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது. என் வேலையை முடித்துவிட்டு அவளுடைய குழாய்களை எடுத்துக்கொள்வேன். வெல்லமும் சோளமாவும் காய்ச்சி உணவு ஊற்றினேன். எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். ஏசி மக்கர் பண்ணினால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லேப்பில் போய்க் கெஞ்சினேன். அவள் எப்படிச் செய்வாளோ அப்படியே, அவள் கலப்புகளைக்கூட விடாமல் செய்தேன். திரும்பி வரும்போது அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து லேப் கூட்டத்தில் சார் அவளுடைய அலமாரியைக் காட்டினார். “பாருங்க. அவ போய் ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு ட்யூப் குறையலை. ஒரு வேலை நிக்கலை. அவ இருந்தா என்ன, இல்லைன்னா என்ன?” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டு ஜீனையும் நீயே எடுத்துக்கோம்மா. தலை மேட்டரையும் சேர்த்து எழுதிடலாம். வருடாந்தரக் கமிட்டியில அவ சீட்டைக் காலி பண்ணிடறேன்.”

அவர் எறிந்த பாட்டில் என் நெற்றியில் பட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கூடுகளை அவர் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கண்டுபிடிப்பு நிஜம் என்று தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்தவள்தான் வேண்டாம். அவள் வேண்டாம் என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி, நான் ஊற்றிய சோறு.

அன்றைக்கே மயிலாப்பூர் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார். “வாம்மா. ஆத்துலதான் இருக்கா. யாரோடயும் பேச மாட்டேங்கறா. கல்யாணத்தைப் பண்ணிண்டு நிம்மதியா இருக்கப்டாதோ,” என்றார். அவள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தின் நடுவே தழும்பு வளைந்து, முகமே ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி மாறியிருந்தது. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுடைய ஈக்கள் ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அதையாவது கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. குழாயைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிற கை அது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

“யாரைக் கேட்டுண்டுடி பண்ணினே?” என்றாள். “நான் இல்லைங்கறது யாருக்குமே தெரியாம பண்ணிட்டியேடி. அவர் பாட்டிலாலதான் அடிச்சார். நீ என்னை இருந்த இடம் தெரியாம துடைச்சுட்டே.”

என்னை அடித்துவிட்டு யாரும் சும்மா போனதில்லை. நானும் அறைந்தேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் தள்ளியதில் அவள் அலமாரியில் போய் விழுந்தாள், எழுந்து வந்து என் தோளைக் கடித்தாள். குழாயடியில் இருபது வருஷம் பழகிய என்னால் அவளைச் சமாளிக்க முடியவில்லை. “இன்னாடி, பைத்தியமா புட்ச்சிது உனக்கு? உனக்கோசரம்தான்டி செஞ்சேன்,” என்று கத்தினேன். கதவுக்கு வெளியே அவள் அம்மா, “என்னடி சத்தம் அங்கே?” என்றார். என் தலைமுடியை விடாமலேயே அவள், “ஒண்ணுமில்லேம்மா, புஸ்தகம் அடுக்கிண்டிருக்கோம்,” என்றாள். அந்தக் குரல் பழைய குரலாகவே இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். எனக்கு உதடு கிழிந்திருந்தது. அவள் துணிக்கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் எறிந்தாள்.

“நாளையிலேர்ந்து ஒண்ணும் பண்ணாதே,” என்றாள்.

“செத்துப்பூடும்.”

“சாகட்டும்.”

“உன் நாலு வருசம் மாமி அது.”

“தெரியும். அவர் பேர்ல உயிரோட இருக்கறதுக்கு என் பேர்ல சாகட்டும்.”

கொல்வது எனக்குப் பழக்கம் என்று சொன்னேன் இல்லையா. கையைக் கட்டிக்கொண்டு கொல்வது எப்படி என்று அந்த மாதம்தான் தெரிந்தது. என் குழாய்களை மாற்றுவேன், பக்கத்திலேயே இருந்த அவளுடையதைத் தொட மாட்டேன். முதலில் உணவு கூழாகக் கரைந்தது. புழுக்கள் அதில் மூழ்கி மேலே வர ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கீழே அகப்பட்டவை சுருண்டு கறுத்தன. பெரிய ஈக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு சேற்றில் கிடந்து கால்களை அடித்தன. பூஞ்சை சாம்பல் நிறத்தில் மேலேறி எல்லாவற்றையும் போர்த்தியது. பிறகு எறும்பு வந்தது, கிண்ணத்தில் நான் தண்ணீர் ஊற்றவில்லை. வரிசையாக ஏறிப் பஞ்சடைப்பைக் குடைந்துகொண்டு உள்ளே போய், மிச்சம் மீதியைத் துண்டுதுண்டாகத் தூக்கிக்கொண்டு இறங்கின. என் கை அனிச்சையாக அந்தக் குழாய்களின் பக்கம் போகும், நான் அதைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொள்வேன். பஸ்ஸில் திரும்பும்போது அழுதிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மாள் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

கமிட்டி கூடுவதற்கு முதல் நாள் படம் எடுப்பதற்காகச் சார் அவளுடைய அலமாரியைத் திறந்தார்.  பிறகு ஒவ்வொரு தட்டாக இழுத்துத் தரையில் போட்டு மிதித்தார். கண்ணாடித் தூளும் சேறும் பூஞ்சையுமாகத் தரை நாறியது. என் மேசைக்கு வந்து, “கொன்னுட்டியேடி,” என்று கையை ஓங்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கம் முறுக்கினேன். அவர் முகம் என் மைக்ராஸ்கோப்பின் மேல் அழுந்தியது.

“இன்னும் முறுக்னேன்னா எலும்பு இருக்காது. அசையாம நில்லு,” என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவரை நீ என்று சொன்னேன். லேப் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் கிட்டே வரவில்லை. யாருடைய பக்கம் என்று அவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு விட்டுவிட்டேன். அவர் கையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் கமிட்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். தழும்பை மறைக்காமல் முடியை இழுத்து வாரிக்கொண்டு வந்திருந்தாள். சார் முதலில் அவள் வேலைக்கு ஆகாதவள் என்றார். பிறகு ஒரே மூச்சில், நான் அவளுடைய ஈக்களைக் கொன்று ஈடு செய்ய முடியாத நஷ்டத்தை உண்டாக்கிவிட்டேன் என்றார். நடுவில் இருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். “வேலைக்கு ஆகாத பொண்ணோட ஈ செத்ததுல உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார். சார் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். அவள் மட்டும் எழுந்து, தன் வேலை என்ன, கூடுகளுக்குள் என்ன கண்டாள், நெற்றியில் எப்படிக் காயம் பட்டது என்று மூன்றையும் ஒரே குரலில் சொல்லி முடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அறையில் அவள் இல்லாததை யாராலும் இட்டு நிரப்பியிருக்க முடியாது.

தீர்ப்பு மாலையில் வந்தது. சாருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. இந்த நாட்டில் பெரிய மனிதர்கள் கை ஓங்கினால் வழங்கப்படுவது அதுதான். அவளுடைய இடம் பறிபோகாது, அதே வளாகத்தில் வேறொரு பேராசிரியரிடம் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். இரண்டு மரபணுக்களையும் அவளே வைத்துக்கொள்ளலாம். நானும் அங்கே போகிறேன் என்று கேட்டேன். அந்த அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, ரொம்பவும் அன்பாகத்தான் சொன்னார்.

“அங்க ஒரு இடம்தாம்மா இருக்கு. ரெண்டு பேரும் பண்றது ஒரே வேலை. ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு? அதுவும் நீ கையை வேற முறுக்கிட்டே.”

சாரிடமே இருந்து முடிக்கலாம் என்றும் சொன்னார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது தியாகராய நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையைக் கட்டி, தட்டி, ஊசியைக் குத்துவேன். என் குத்து வலிப்பதில்லை என்று நங்கநல்லூரிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். ஆனால் உள்ளே எரிகிறது, அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. எனக்கும் நாலு வருஷம் போனது, அந்த நாலு வருஷத்தைக் கேட்டு யாரும் கமிட்டி போடவில்லை.

புது லேப்பில் சேர்ந்து சில மாதம் கழித்து ஒரு மதியம் அவள் ஃபோன் செய்தாள். இரட்டை வம்சத்தை மறுபடி உருவாக்கிவிட்டதாகச் சொன்னாள். கூடுகளைப் பிரித்துப் பார்த்ததாகவும், எல்லாம் முன்போலவே இருப்பதாகவும் சொன்னாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

“நான் இல்லாம லேப் எப்டி கீது மாமி?” என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

 பின்னால் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“நன்னாத்தான் ஓடறதுடி,” என்றாள். “ஒண்ணுமே நிக்கலை.” பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். அடுத்த ஆள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார், ஆனாலும் அவள் அழுது முடிக்கும்வரை நான் ஃபோனை வைக்கவில்லை.